பொட்டு வைக்காத படங்கள்

இந்த நூற்றாண்டு மலருக்காகப் பழைய படங்களைத் தந்துதவுமாறு சங்கம் வேண்டுகோள் விடுத்தபோது, ஊரிலிருந்தும் கனடா, இலண்டன், சுவிஸ் முதலான இடங்களிலிருந்தும் படங்கள் வந்து சேர்ந்தன. பாடசாலையில் இருந்த பழைய படங்கள் இடப்பெயர்வுகளில் அழிந்துபோனமையால், வெளியே வாழ்பவர்களின் அல்பங்களே இன்று எமக்கு ஆவணக் காப்பகம். அவ்வாறு வந்தவற்றுள் ஒன்று, புளியமரம் ஒன்றின் கீழ் நிலத்தில் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கும் மாணவிகளின் படம். பின்புறத்தில் பெயரோ திகதியோ இல்லை. 1970களில் கற்ற அக்கா ஒருவர் அதனைக் கையில் எடுத்து, "மரநிழல் வகுப்பு எவ்வளவு வடிவாய் இருக்கு. இப்ப பிள்ளையளுக்கு இப்பிடி எங்க கிடைக்குது" என்று மகிழ்ந்தார். அருகில் இருந்த, அவரைவிட முப்பது வயது இளைய இன்னொரு பழைய மாணவி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "அக்கா, அது நாங்கள் இடம்பெயர்ந்து இருந்தபோது எடுத்தது. எங்களுக்கு அப்ப கட்டடம் இருக்கேல்லை" என்றார்.

படம் ஒன்று, பார்த்தவர்கள் இருவர். இருவரும் பொய் சொல்லவில்லை. மரம் இருந்தது, நிழல் இருந்தது, பிள்ளைகள் எழுதிக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் அந்த மரத்தின் கீழ் அவர்கள் ஏன் இருந்தார்கள் என்பதைப் படம் சொல்லவில்லை. அதனைச் சொல்வதற்கு அங்கிருந்த ஒருத்தி வேண்டியிருந்தது. அன்று எழுந்த எண்ணத்தின் தொடர்ச்சியே இக்கட்டுரை. ஓர் உருவத்தின் பொருள் அந்த உருவத்துக்குள் எவ்வளவு இருக்கிறது, அதனைச் சூழ்ந்த மக்களிடமும் காலத்திடமும் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியை, எமது வன்னி மண்ணில் நாம் நன்கு அறிந்த சில உருவங்களைக் கொண்டு பார்க்க முயல்கிறேன்.

கற்சிலைமடுக் கல்

பெயரிலேயே கற்சிலையைக் கொண்ட ஊர் ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள கற்சிலைமடு. அங்கு நாட்டப்பட்ட கல்லைப் பற்றி எமது பாடசாலையில் வரலாறு படித்த அனைவரும் அறிவர். இந்த இடத்துக்கு அண்மையில் 1803 ஒக்டோபர் 31 ஆம் திகதி கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்ற செய்தி ஆங்கிலத்தில் அதில் பொறிக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 1803 ஓகஸ்ட் 25 ஆம் திகதி, பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த பிரித்தானியரின் கோட்டையைக் கைப்பற்றியிருந்தான்.

அந்தக் கல் யாருக்காக எழுதப்பட்டது? ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையே விடையைத் தருகிறது. அடங்காத ஒரு சிற்றரசனை அடக்கிய அதிகாரியின் வெற்றியை, அதே ஆட்சியின் மொழி தெரிந்தவர்களுக்கு அறிவிப்பதற்காகவே அது நாட்டப்பட்டது. எழுவாய் கப்டன், பண்டாரவன்னியன் செயப்படுபொருள். ஆனால் வன்னி மக்கள் அந்த வாக்கியத்தைப் புரட்டி வாசித்தார்கள். வென்றவனின் கல் தோற்றவனின் நினைவுக்கல்லாகியது. அதன்முன் நின்றவர்கள் கப்டனை நினைத்து நின்றதில்லை. அந்தக் கல் சொல்வது தோல்வியை மட்டுமே, மரணத்தை அன்று. எனினும் பண்டாரவன்னியன் வீழ்ந்த இடம் அதுவே என்று கொள்ளும் நம்பிக்கை எம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கல்லில் இல்லாத ஒரு சொல்லை மக்கள் மனம் கல்லில் எழுதிவிட்டது. அதேவேளை, கோட்டை வீழ்ந்த ஓகஸ்ட் 25 ஐ நினைவுகூரும் வழமையும் இங்குண்டு. தோல்வியின் திகதியைக் கல் சொல்ல, வெற்றியின் திகதியை மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பண்டாரவன்னியனின் முகம் எப்படி இருந்தது? அவன் காலத்தில் வரையப்பட்ட உருவப்படம் எதுவும் எம்மிடம் இல்லை. ஆயினும் வவுனியா நகரில் கச்சேரியை அண்டி நிற்கும் சிலையைக் கண்டதும் சிறு பிள்ளையும் பெயரைச் சொல்லும். அந்த முகம் நாடக மேடையிலிருந்தும் புத்தக அட்டைகளிலிருந்தும் எமது மனங்களில் படிந்த முகம். முல்லைமணி அவர்களின் "பண்டாரவன்னியன்" நாடகம் வன்னியெங்கும் இக்கதையைக் கொண்டு சென்றது. கடல் கடந்து மு. கருணாநிதி அவர்கள் "பாயும் புலி பண்டாரக வன்னியன்" என்று நாவலே எழுதினார். எமது பாடசாலை மேடையிலும் பண்டாரவன்னியன் தோன்றியதுண்டு. பெண்கள் பாடசாலை ஆகையால், கண் மையால் மீசை வரைந்து, அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய வாளோடு மாணவி ஒருத்தியே வந்து நின்றாள். மண்டபத்தில் இருந்த எவரும் சிரிக்கவில்லை. பார்ப்போரின் மனதில் உருவம் முன்னரே இருந்தமையால், மேடையில் வந்தவள் அதற்கு ஓர் அடையாளமாக நின்றாலே போதுமாயிருந்தது.

ஆயிரம் கண்கள்

முல்லைத்தீவில் வளர்ந்த எவருக்கும் வற்றாப்பளைக் கதையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மதுரையை எரித்த கண்ணகி ஈழம் வந்து, நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த சிறுவர்களின் முன் ஒரு மூதாட்டியாகத் தோன்றினாள். பசிக்குப் பொங்கித் தரச் சொன்னாள். விளக்கெரிக்க எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை வார்த்து எரிக்கச் சொன்னாள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். கூந்தலை விலக்கிய சிறுவர்கள் தலையெங்கும் கண்களைக் கண்டு திகைத்தார்கள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்தில் உப்பு நீரில் விளக்கேற்றி, வற்றாப்பளைக்குக் கொண்டு செல்லும் வழமை தொடர்கிறது.

இந்தக் கண்ணகியே இலங்கையில் எத்தனை பேருக்கு எத்தனை விதமாகத் தெரிகிறாள் என்பதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கை மன்னன் கயவாகு கலந்துகொண்டதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. சிங்கள மக்களிடையே அவள் பத்தினி தெய்யோ. கண்டிப் பெரஹராவில் ஊர்வலம் செல்லும் நான்கு தேவாலயங்களுள் பத்தினி தேவாலயமும் ஒன்று. அங்கு சிலம்பு அவளது சின்னம்; நோயையும் வரட்சியையும் நீக்குபவள் அவள். வன்னியிலும் மட்டக்களப்பிலும் அவள் கண்ணகை அம்மன். அம்மை நோயைத் தருபவளும் தணிப்பவளும் அவளே.

யாழ்ப்பாணத்திலோ நிலைமை வேறாயிற்று. 19 ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822–1879) ஆகம வழிச் சைவத்தை நிலைநாட்ட முனைந்தபோது, சமணக் குடியிற் பிறந்த ஒரு வணிகப் பெண்ணைச் சைவர் வழிபடுவது தகாது என்று கண்டித்தார். காலப்போக்கில் அங்கிருந்த கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி முதலான பெயர்களைப் பெற்றன. அடியவர்கள் அதே மண்ணில் அதே திசையை நோக்கியே கும்பிட்டார்கள். அம்மனின் பெயரும் பூசை முறையும் மாறின. வன்னியில் அந்த மாற்றம் பெருமளவுக்கு நிகழவில்லை. கற்றோரின் கண்டனம் காடு கடந்து வர நேரமெடுத்தது என்று சிலர் கூறுவர். எண்ணெய் இல்லாத ஏழைச் சிறுவர்களிடம் வந்து பசிக்குக் கேட்ட அம்மனை விட்டுக்கொடுக்க மக்களுக்கு மனம் வரவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

நந்திக்கடலையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2009 மே மாதத்துக்குப் பின்னர் உலகப் பத்திரிகைகளில் அந்த நீர்ப்பரப்பின் படம் வந்தபோது, அதன் கீழே போர் முடிந்த இடம் என்று எழுதப்பட்டது. நாம் பார்த்தபோது அதில் அம்மன் தோன்றிய கரையும் இருந்தது. மறுகரையில் நாம் விட்டுவந்தவர்களும் இருந்தார்கள்.

இலண்டனில் ஒரு தேவி

பெயர் மாறினால் உருவம் மாறிவிடுமா? இதற்கு நல்லதொரு சான்று இலண்டனில் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையோரத்தில் கண்டெடுக்கப்பட்ட, வெண்கலத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசிய பெண் உருவம் அது. உயரம் 143 சென்ரிமீற்றர். காலம் 8 ஆம் நூற்றாண்டு. 1812 முதல் 1820 வரை இலங்கையில் ஆள்பதியாக இருந்த சேர் றொபேட் பிரவுண்றிக் அதனை 1830 இல் நூதனசாலைக்கு வழங்கினார்.

நீண்ட காலமாக அதனைப் பத்தினி என்றே அறிஞர்கள் குறித்தார்கள். இலங்கையில் பெண் தெய்வம் என்றால் அவர்களுக்குத் தெரிந்த பெயர் அதுவாக இருந்தது. பின்னரே அது மகாயான பௌத்தத்தின் தாரா என்று அடையாளம் காணப்பட்டது. எட்டாம் நூற்றாண்டு இலங்கையில் மகாயான வழிபாடும் தழைத்திருந்தது என்ற வரலாற்று அறிவு வளர்ந்த பின்னரே அந்த வெண்கலத்தின் பெயர் மாறியது. உலோகத்தில் ஒரு கீறலும் புதிதாக விழவில்லை.

இன்னொன்றும் உண்டு. மேலுடல் மறைக்கப்படாத அவ்வுருவம் வார்க்கப்பட்ட காலத்தில் அருளின் வடிவமாக வணங்கப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டு இலண்டனிலோ அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கத்தக்கதன்று என்று கருதப்பட்டுப் பல ஆண்டுகள் களஞ்சிய அறையில் இருந்தது. வணங்கியவர்கள் கண்ட அதே உடலைத்தான் வெட்கப்பட்டவர்களும் கண்டார்கள்.

சரிந்த தொட்டி

கிளிநொச்சி நகருக்கு வந்தவர்கள் மறக்காத காட்சி, ஏ-9 வீதியோரத்தில் சரிந்து கிடந்த பெரிய தண்ணீர்த் தாங்கி. போரின் இறுதிக் கட்டத்தில் அது வீழ்த்தப்பட்டது. 2009 ஜனவரி 2 ஆம் திகதி நகர் இராணுவத்தின் வசமானது. பாதை திறந்த பின்னர் தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக மக்கள் வந்தார்கள். தாங்கியை அகற்றாமல், அழிவு இனி ஒருபோதும் வேண்டாம் என்ற கருத்துடைய ஆங்கில அறிவித்தற் பலகையொன்று வைக்கப்பட்டது. அருகில் நினைவுப் பொருட்கள் விற்கும் கடையும் வந்தது. வந்தவர்கள் அதன்முன் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களை நான் குறைகூற மாட்டேன். பாதை பூட்டியிருந்த காலம் முழுவதும் தொலைக்காட்சியில் மட்டுமே கண்ட ஊரை அவர்கள் நேரில் பார்க்க வந்தார்கள். பலகை சொன்னதைப் பார்த்தார்கள். யார் அழித்தார்கள் என்று அவர்களுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது; தாங்கி அதற்குச் சாட்சியாகக் கிடந்தது. ஆனால் வீதியின் மறுபுறம் வெயிலில் வாளியோடு நின்ற பெண்ணுக்கு அது தண்ணீர்த் தாங்கி. அதிலிருந்து வந்த குழாய் எந்த ஒழுங்கைக்குள் போனது, எந்த மூலையில் ஒழுகியது என்று அவளுக்குத் தெரியும். அழிவைப் பற்றி அவளுக்குப் பலகை சொல்ல வேண்டியதில்லை. அவள் கேட்டது திரும்பவும் எப்போது தண்ணீர் வரும் என்பதை.

அதே வீதியில் எழுப்பப்பட்ட போர் நினைவுச் சின்னத்தையும் அறிவோம்: பெரிய கொங்கிறீற் கட்டியொன்றை எறிகணை துளைத்து நிற்க, மேலே தாமரை மலர்கிறது. அமைத்தவர்களுக்குக் கட்டி உடைக்கப்பட்ட வலிமை, தாமரை அமைதி. கட்டிக்குள் இருந்தவர்கள் நாம் என்ற நினைவோடு அதனைக் கடந்து பாடசாலைக்குப் போன பிள்ளை அதனை எப்படி வாசித்திருப்பாள் என்பதை அமைத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கையில் ஏந்திய படங்கள்

எமது வீடுகளில் சுவரில் தொங்கும் படங்களை வாசிக்க எமக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை, ஆயினும் வாசிக்கிறோம். படத்துக்கு மாலை இட்டு, நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, கீழே விளக்கு எரிந்தால் அவர் காலமாகிவிட்டார். மாலையும் பொட்டும் இல்லையேல் அவர் இருக்கிறார். வேறு நாட்டவர் எவரேனும் எமது வீட்டுக்கு வந்தால், மாலையிட்ட படத்தை வீட்டில் மிகவும் மதிக்கப்படுபவரின் படமென்று எண்ணக்கூடும். எமக்கோ வாசலில் நின்றே தெரிந்துவிடும், குரலைத் தாழ்த்திக்கொள்வோம்.

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலின் முன் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். 24 ஆம் திகதி வவுனியாவிலும், மார்ச் 8 ஆம் திகதி முல்லைத்தீவிலும் தொடங்கியது. நாள்கள் ஆண்டுகளாயின. அந்தக் கொட்டில்களைக் கடந்து சென்ற எவரும் படங்களையே முதலில் கண்டிருப்பர். வரிசை வரிசையாகத் தொங்கிய படங்கள். தாய்மாரின் மடியிலும் கையிலும் இருந்த படங்கள்.

அவை எங்கிருந்து வந்தவை என்று உற்றுப் பார்த்தால் புரியும். சில, கலியாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தவை. ஓரத்தில் இன்னொருவரின் தோள் தெரியும். சில, பிறந்தநாட் படங்கள். பல, அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள். வெள்ளைச் சீருடையும் கழுத்துப் பட்டியும் அணிந்த பாடசாலைப் பிள்ளைகள். எமது நாட்டில் மாணவர்களின் தேசிய அடையாள அட்டை விண்ணப்பம் பாடசாலை ஊடாகவே போகும், அதிபர் அத்தாட்சிப்படுத்துவார். அந்தப் படம் எடுக்கப்பட்டபோது அதற்கு ஒரே ஒரு பொருள்தான்: இவர் இன்னார், இந்த நாட்டின் பிரசை என்று அரசுக்கு அறிவிப்பது. அதே படத்தைப் பெருப்பித்து அதே அரசின் முன் நீட்டும் தாய், நீங்கள் அறிந்த இவர் எங்கே என்று கேட்கிறாள். இன்னார் என்று உறுதிசெய்ய எடுத்த படம், இன்று பதில் கேட்கும் படமாகியிருக்கிறது.

அந்தப் படங்களுக்கு மாலை இல்லை. பொட்டு இல்லை. இதனை வெளியிலிருந்து வரும் படப்பிடிப்பாளர் கவனிக்காமல் விடலாம். எமக்கு அதுவே அங்கு எழுதப்பட்டிருக்கும் முதல் வாசகம். மரணச் சான்றிதழை வாங்க மறுத்த தாய்மார் பலர். சான்றிதழ் வாங்கினால் படத்துக்குப் பொட்டு வைக்க வேண்டும். பொட்டு வைத்தால் தேடல் முடிந்துவிடும். ஒரு துளிச் சந்தனத்தை வைக்காமல் விடுவதே அவர்களுடைய மனு.

ஆர்ஜென்ரீனாவின் தாய்மாரும் 1977 ஏப்ரல் 30 ஆம் திகதி முதல் தலைநகரின் மே சதுக்கத்தில் இப்படியே கூடினார்கள். அவர்கள் தலையில் கட்டியது வெள்ளைத் துணி. குழந்தைக்குக் கட்டும் அணையாடைத் துணியிலிருந்து வந்த அடையாளம் அது. நான் பெற்ற பிள்ளை என்று அது சொன்னது. எமது தாய்மாரும் அவ்வாறு வெள்ளையைப் போர்த்தியிருந்தால் எமது ஊர் அதனை எப்படி வாசித்திருக்கும்? வெள்ளை எம்மிடையே கைம்மையின் நிறம். கணவனைத் தேடும் பெண் தானே அவனை இல்லை என்று அறிவித்ததாக முடிந்திருக்கும். துயரம் ஒன்றாயிருந்தும் துணியின் பொருள் ஒன்றாகவில்லை.

படம் இல்லாதவர்களும் அங்கே இருந்தார்கள். இறுதிப் போரில் தறப்பாளுக்குத் தறப்பாள் மாறியபோது படங்கள் நனைந்தும் எரிந்தும் போயின. இந்தப் படம் கையில் இருந்தால் என்ன நடக்குமோ என்ற அச்சத்தில் தாமே பதுங்குகுழிக்குள் புதைத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. வீட்டில் பெருமையோடு கண்ணாடிச் சட்டத்தில் இருந்த அதே படம், ஒரு வீதித் தடையைக் கடக்கும்போது குற்றச்சாட்டாக மாறக்கூடும் என்பதை அவர்கள் எந்த நூலிலும் படிக்கவில்லை. உருவத்தின் பொருள் இடத்தோடு மாறும் என்று நான் இவ்வளவு நேரம் எழுதியதை, அவர்கள் ஒரு நொடியில் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

மலருக்கு வந்த படம்

இனி அந்தப் புளியமரப் படத்துக்கு வருகிறேன். அதிலிருந்த மாணவிகளை ஒருவர் பின் ஒருவராக அடையாளம் கண்டோம். இப்போது ஒருவர் தாதி, ஒருவர் எமது பாடசாலையிலேயே ஆசிரியை, இருவர் வெளிநாட்டில். முன் வரிசையில் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை 2009 இன் பின்னர் வீடு திரும்பவில்லை.

இம்மலரில் மறைந்த பழைய மாணவிகளுக்கென அஞ்சலிப் பக்கம் ஒன்றுண்டு. கறுப்புக் கரையிட்ட பக்கம். அவளையும் அதில் சேர்க்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு சிலர் கூறினர். தாயாரிடம் கேட்போம் என்று முடிவாகி, நானும் இன்னொருவரும் போனோம். படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிள்ளை எழுதுவது கணக்கா தமிழா என்று கேட்டார், எமக்குத் தெரியவில்லை. வந்த காரியத்தைச் சொன்னோம். "பிள்ளையள், அந்தப் பக்கத்தில போடாதேங்கோ. அவளின்ர வகுப்போட போடுங்கோ" என்றார். சுவரில் அவளுடைய இன்னொரு படம் தொங்கியது. மாலை இருக்கவில்லை.

ஆகவே இம்மலரில் அந்தப் படம் வகுப்புப் படங்களோடு இடம்பெறுகிறது. அதன் கீழே இடம், காலம், கட்டடம் ஏன் இல்லாதிருந்தது என்பதையும், இருப்பவர்களின் பெயர்களை வரிசைப்படியும் எழுதியிருக்கிறோம். எவர் பெயருக்கு முன்னும் அமரர் என்ற சொல் இல்லை.

சங்கத்தின் சார்பில் ஒரு வேண்டுகோளுடன் நிறைவுசெய்கிறேன். உங்கள் வீடுகளில் உள்ள பாடசாலைப் படங்களை எடுத்துப் பின்புறத்தில் எழுதுங்கள். எங்கே, எந்த ஆண்டு, யார் எடுத்தது, யார் யார் நிற்கிறார்கள், அன்று வராமல் விடுபட்டவர் யார் என்பவற்றை எழுதுங்கள். கைத்தொலைபேசியில் உள்ள படமாயின் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கற்சிலைமடுக் கல்லை மக்கள் திருப்பி வாசித்தார்கள். வெண்கலத் தேவிக்கு அறிஞர்கள் பெயரைத் திருத்தினார்கள். தண்ணீர்த் தாங்கியின் முன் பலகை வைத்தவர்களின் சொல்லே பல காலம் நின்றது. எமது படங்களுக்கு நாம் எழுதாவிட்டால், மரநிழல் வகுப்பு எவ்வளவு வடிவாய் இருக்கிறது என்று அடுத்த நூற்றாண்டு மலரில் யாராவது எழுதுவார்கள். அதனை மறுத்துச் சொல்ல அப்போது எம்மில் எவரும் இருக்கமாட்டோம்.